நெடுந்தீவுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்க நினைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினர், நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தினர், பிரதேச சபையினர், வடக்கின் சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பானவர்கள் ஆகிய அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியன். பேராதனையில் படித்து, பெரும்பாலான காலம் வடக்கிலேயே கடமையாற்றினேன். நான் பார்த்த நோயாளிகளில் அநேகம் மாடும் ஆடும் கோழியும்தான். நெடுந்தீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலை செய்த ஆண்டுகளில் மட்டும் குதிரைகளோடு பழகும் வாய்ப்புக் கிடைத்தது. பழகினேன் என்று சொல்வதுகூட அதிகம். அவை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன, நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாண நகரில் தீவகச் சுற்றுலா பற்றிய ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். நல்ல எண்ணமுள்ள ஒருவர் எழுந்து, "நெடுந்தீவில் நூற்றுக்கணக்கான குதிரைகள் சும்மா திரிகின்றன. அவற்றில் இருபதைப் பிடித்துப் பழக்கினால் போதும். நுவரெலியாவில் போலப் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடலாம், இளைஞர்களுக்கும் தொழில் கிடைக்கும்" என்றார். மண்டபம் கைதட்டியது. அந்த இருபது குதிரைகளுக்கு என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வரவில்லை. அன்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

மாணவனாக இருந்தபோது ஒரு சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போனேன். பந்தயத் திடலுக்கு அருகில் கட்டியிருந்த ஒரு செம்பழுப்புக் குதிரையின் பக்கத்தில் போய் நின்றதும், அது நேரே தன் மூக்கை என் சட்டைப் பைக்குள் நுழைத்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலையை அது தொடர்ந்தது. மனிதக் கையும் லொறிச் சத்தமும் வாளியும் கயிறும் அதன் உலகத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தவை. அது பிறந்தபோது பக்கத்தில் ஒரு மனிதன் நின்றிருப்பான். எழுந்து நின்ற முதல் மணித்தியாலத்திலேயே ஒரு துணியால் அதன் முதுகைத் துடைத்திருப்பான்.

நெடுந்தீவில் முதன்முதலாகக் குதிரைகளைக் கிட்டப் போய்ப் பார்க்க முயன்ற நாள் வேறுவிதமானது. என்னோடு வந்தவர் எழுபதைக் கடந்த ஓர் அப்பு. இளமையில் குதிரை பிடித்துப் பழக்கியவர். புல்வெளியில் ஏழெட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இருநூறு மீற்றர் தூரத்தில் நான் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வயதான பெட்டைக்குதிரை தலையைத் தூக்கியது.

"தம்பி, நில். அது உன்னைக் கண்டுவிட்டது. இப்போது அது உன்னைப் படிக்கிறது, நீயும் நின்று படி" என்றார் அப்பு.

நின்றேன். ஒரு சத்தமும் இல்லாமல் அந்தக் கூட்டம் இடம் மாறியது. ஆண்குதிரை எனக்கும் பெட்டைகளுக்கும் நடுவில் வந்து பக்கவாட்டாக நின்றது. தாயின் இந்தப் பக்கம் நின்ற குட்டி, வயிற்றுக்கு அடியால் தலையை விட்டு அந்தப் பக்கம் போனது. இரண்டு வயது மதிக்கத்தக்க ஒன்று மட்டும் ஆவலில் எங்களை நோக்கி நாலடி வைத்தது. வயதான பெட்டை காதைப் பின்னால் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். இளையது திரும்பிப் போய்விட்டது. நான் மூன்று அடி முன்னே வைத்தேன். மொத்தக் கூட்டமும் ஐம்பது மீற்றர் ஓடி, நின்று, மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தது.

நுவரெலியாக் குதிரையும் இந்தப் பெட்டைக்குதிரையும் ஓர் இனம். இதைத்தான் நம்மில் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறோம். நெடுந்தீவுக் குதிரைகள் ஆதியிலிருந்தே காட்டில் வாழ்ந்த இனம் அல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை. அதன்பின் ஒல்லாந்தர் தீவகத்தில் குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் ஆட்சியிலும் நோலன் என்ற அதிகாரியின் கீழ் நெடுந்தீவில் குதிரைப் பண்ணை நடந்தது. அந்த லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன, நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பண்ணை போனது, குதிரைகள் நின்றுவிட்டன. ஒரு தலைமுறைக்குப் பத்து ஆண்டு என்று வைத்தாலும், லாயமும் சேணமும் அறியாமல் ஏறக்குறைய இருபது தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் அவற்றின் இரத்தத்தில் சாந்தம் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் வொல்கா, டொன் ஆறுகளை அண்டிய புல்வெளி என்றும், ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் அவை அங்கிருந்து உலகெங்கும் பரவத் தொடங்கின என்றும் அதில் தெரியவந்தது. அந்தக் குதிரைகளில் இரண்டு மரபணுக்கள் வலுவாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தன. ஒன்று முதுகின் வலுவோடு தொடர்புடையது. மற்றது மனப்பதற்றத்தோடு தொடர்புடையதாக எலிகளில் அறியப்பட்டது. சுமையைத் தாங்கும் முதுகையும் மனிதனைத் தாங்கும் மனத்தையும் பார்த்துப் பார்த்து நம் முன்னோர் குதிரையை உருவாக்கியிருக்கிறார்கள். மொங்கோலியர் தாக்கி என்று அழைக்கும் காட்டுக் குதிரையோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அதற்கு 66 நிறமூர்த்தங்கள், நம் குதிரைகளுக்கு 64. அதைச் சவாரிக் குதிரையாக்குவது மிக அரிது. நெடுந்தீவுக் குதிரை அப்படியல்ல. அதைப் பழக்க முடியும்.

முடியும் என்பதால்தான் நான் அஞ்சுகிறேன். முடியாதது என்றால் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

இரத்தத்தில் இருப்பது வேறு, பிறந்த பின் கற்றுக்கொள்வது வேறு. பிரான்சில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களும், நாளுக்கு 15 நிமிடம், தாய்க்குதிரையை மட்டும் மென்மையாகத் துலக்கிக் கையால் தீனி கொடுத்தார்கள். குட்டியைத் தொடவே இல்லை. அது பக்கத்தில் நின்று பார்த்தது. அந்தக் குட்டிகள் ஒரு வயதிலும் மனிதரைக் கண்டு அதிகம் மிரளவில்லை. தாயின் உடம்பு இளகியிருந்ததைப் பார்த்துக் குட்டி மனிதனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது நெடுந்தீவுத் தாயை நினைத்துப் பாருங்கள். மனிதன் வரும்போதெல்லாம் அவள் கழுத்து நிமிர்கிறது, மூக்குத் துவாரம் விரிகிறது, கால்கள் ஓடுவதற்குத் தயாராகின்றன. குட்டி அவள் விலாவோடு ஒட்டி நின்று அந்தப் பாடத்தைப் படிக்கிறது. ஐந்து நாள் பாடமே ஓராண்டு நிற்கிறதென்றால், மூன்று ஆண்டுகள் நாளும் பொழுதும் படித்த பாடம் எவ்வளவு காலம் நிற்கும்?

இதைக் கோபம் என்றோ முரட்டுக்குணம் என்றோ சொல்வது அநியாயம். "குதிரை குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்று நம் பழமொழி ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொம்பில்லாத, விரல்களற்ற, புல் மேய்ந்து வாழும் ஒரு பிராணிக்குத் தப்பி ஓடுவதுதான் முதற் காவல். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கிறது. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டு இடம். நாம் அன்போடு கையை நீட்டுவது எப்போதும் அந்த முன்பக்கக் குருட்டு இடத்துக்குள்தான். வளர்ப்புக் குதிரை அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. வெளியில் பிறந்த குதிரைக்கு, பார்வையிலிருந்து மறைந்து மறுபடி தோன்றும் ஒரு கை, பாய்ந்து வரும் மிருகமாகத்தான் தெரியும்.

இனி எனக்கு நேரில் தெரிந்த ஒன்று. மனதைவிட்டு அகலாத ஒன்று.

ஒரு நாள் மாலை என்னை ஒரு வளவுக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஊர், யாருடைய வளவு என்பது இப்போது வேண்டாம். தீவிலிருந்து எப்படியோ கொண்டுவரப்பட்ட மூன்று வயது ஆண்குதிரை ஒன்று பனையில் கட்டப்பட்டிருந்தது. "வந்த அன்று ஒரே துள்ளல், ஐயா. இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ஆனால் சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறது. ஏதாவது ஊசி போட்டுவிடுங்கள்" என்றார் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் அல்லர். தன் பிள்ளைகளுக்காக ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

குதிரை அசையாமல் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதுவான குதிரை என்றே சொல்வீர்கள். பக்கத்தில் போனேன். கண்ணைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. கண்ணுக்கு மேலே தோல் சுருங்கியிருந்தது. வாய் இறுகி, கீழுதடு ஒரு முடிச்சுப் போல இருந்தது. இரண்டு காதுகளும் ஒரு திசையில் பூட்டுப் போட்டதுபோல நின்றன. பின்னால் நாய் குரைத்தும் திரும்பவில்லை. வியர்வை காய்ந்து விலாவில் உப்புக் கோடு போட்டிருந்தது. மார்பில் குழாயை வைத்துக் கேட்டேன். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இதயம் துடிக்க வேண்டும். நான் எண்ணியது 96. அசையாமல் நின்ற அந்த உடம்புக்குள் இதயம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அடங்கிவிட்டது என்று அவர் சொன்னதை நாங்கள் உறைதல் என்போம். ஓட வழியில்லை, எதிர்க்கப் பலனில்லை என்று உணர்ந்த பிராணி கல்லாகிவிடுகிறது. வளர்ப்புக் குதிரையும் அப்படி உறைவதுண்டு. ஆனால் அதற்கு மனிதனைப் பற்றிய நல்ல ஞாபகங்கள் சில இருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. இந்தக் குதிரைக்கு அப்படி எதுவும் இல்லை.

முன்னால் ஒரு நீல வாளியில் தண்ணீர் இருந்தது. குடிக்கவில்லை. கேணியிலும் பள்ளத்திலும் தலை தாழ்த்திக் குடித்துப் பழகிய குதிரை, தலையை உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் மறைத்துவிடும் ஒரு பாத்திரத்துக்குள் ஏன் முகத்தை வைக்கும்? தவிடும் புண்ணாக்கும் குழைத்து வைத்திருந்தார்கள். அது உணவு என்றே அதற்குத் தெரியாது. வாளியை எடுத்துவிட்டு ஒரு தாழ்ந்த தாச்சியில் தண்ணீரை ஊற்றி வைக்கச் சொன்னேன். புல் வெட்டிப் போடச் சொன்னேன். கயிற்றை அவிழ்த்து, வளவின் ஒரு மூலையைப் பனை மட்டையால் உயரமாக அடைத்து உள்ளே விடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள் என்று எல்லாம் சொன்னேன். அன்றிரவு அது தண்ணீர் குடித்தது. மறுநாள் பசியில் அந்தத் தவிட்டையும் தின்றுவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை வயிற்றுக்குத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போன தவறான தீனி திரும்பி வராது. நான் போய்ச் சேர்ந்தபோது அது நிலத்தில் உருண்டுகொண்டிருந்தது. முதல் தடவையாக என் கை பட்டபோது அது விலகவில்லை, விலகப் பலம் இல்லை. பத்து மணிக்கு முன்னரே போய்விட்டது.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் குறிப்பை ஒரு பனையடியில் நான் கண்ணால் பார்த்தேன்.

இனி எதிர்ப்பக்கம். வெளியில் பிறந்த குதிரையோடு எதுவுமே செய்ய முடியாதா? ஒரு பெட்டைக்குதிரையின் பின்னங்காலில் தங்கூசி வலைத் துண்டு ஒன்று சுற்றி இறுகி, தோலை அறுத்துக்கொண்டிருந்தது. துரத்திப் பிடிக்கலாம் என்று நாலு இளைஞர்கள் முன்வந்தார்கள். அப்பு வேண்டாம் என்றார். கூட்டம் தண்ணீருக்கு வரும் பாதையில் பழைய பவளக்கல் வேலி ஒன்று மூன்று பக்கமும் இருந்தது. அதன் நான்காம் பக்கத்தைத் திறந்தபடியே விட்டு, உள்ளே ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்தோம். முதல் நாள் முழுவதும் அப்பு வேலிக்கல்லில், குதிரைகளுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் பக்கவாட்டாக உட்கார்ந்தார். பெட்டை தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இவர் எழுந்து பத்தடி பின்னால் போனார். நான் பொறுமை இழந்து, "அப்பு, கிட்டப் போக வேண்டிய நேரத்தில் ஏன் தூரப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அது என்னைப் பார்த்துவிட்டது, நான் போய்விட்டேன். அப்படியென்றால் நான் அதன் சொல்லைக் கேட்கிறவன் என்று அதற்குத் தெரியும். சொல்லைக் கேட்கிறவனுக்கு ஏன் பயப்பட வேண்டும்?"

அமெரிக்காவில் குதிரை பழக்குவோர் இதே முறையைப் பெயர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பின்னாளில் வாசித்து அறிந்தேன். அழுத்தம் கொடு, சரியான கணத்தில் விட்டுவிடு. அப்புவுக்கு அதன் பெயர் தெரியாது. நான்காம் நாள் பின்னேரம் அந்தப் பெட்டை அவர் கைநீளத்தில் நின்றது. மறைப்புக் கட்டவில்லை, கயிறு போடவில்லை. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய கத்தியால் வலையை அறுத்தோம். அறுத்த கணம் அவள் ஓடவில்லை. காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். நாக்கால் உதட்டை நக்கினாள். பிறகு நடந்து போனாள்.

அவ்வளவு நுட்பமாகப் பார்த்துப் பதில் சொன்ன வேறு எந்தக் குதிரையையும் நான் கண்டதில்லை. வெளியில் பிறந்த குதிரையின் குணத்தில் நான் மதிப்பது இதைத்தான். அது கூட்டத்துக்குள் வளர்ந்தது. காது சாய்வதையும், வால் அசைவதையும், ஒரு பக்கத்துத் தோள் இறுகுவதையும் கண்டு பொருள் கொள்ளாவிட்டால் கடி வாங்கியிருக்கும். ஆகவே ஆளின் மூச்சு மாறினாலும் கவனிக்கும். வேண்டாத இடத்தில் இடிக்காது, வீணாக ஓடாது, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கும். வளர்ப்புக் குதிரைக்கு உலகம் பழகிப்போனது. அதனால் பொறுமை அதிகம், கவனம் குறைவு. லாயத்தில் தனியே நாட்கணக்காகக் கட்டி வைத்தால் அது பலகையைக் கடித்துக் காற்றை உறிஞ்சும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில் கூட்டத்தோடு வாழும் குதிரைகளில் அந்த நோயை நான் கண்டதில்லை.

குட்டியாகப் பிடித்து வளர்த்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வறட்சியில் தாயை இழந்த ஒரு குட்டியை ஒரு குடும்பம் போத்தல் பால் கொடுத்துக் காப்பாற்றியது. வீட்டுக்குள் வந்து குசினியில் படுக்கும், பிள்ளைகளோடு ஓடும். ஊரே வந்து பார்த்தது. மூன்று வயதில் அதே விளையாட்டுக்காகப் பின்னங்கால்களில் எழுந்து, அந்த வீட்டுச் சிறுவனின் தோளில் முன்னங்கால்களைப் போட்டது. அவன் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்கு எந்தக் கோபமும் இல்லை. தான் குதிரை என்பதையும், அவன் குதிரை அல்லன் என்பதையும் அதற்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கிழப் பெட்டை இருக்கவில்லை. மனிதனுக்கு அஞ்சாத, குதிரை ஒழுக்கமும் தெரியாத ஆண்குதிரைதான் நான் அறிந்த குதிரைகளில் மிகவும் ஆபத்தானது. சுற்றுலாப் பயணிகள் பாணும் பிஸ்கட்டும் நீட்டி நீட்டி உருவாக்கிக்கொண்டிருப்பதும் அப்படிப்பட்ட குதிரைகளைத்தான்.

நம்முடைய கோயில் குதிரை வாகனத்தை நினைத்துப் பார்க்கிறேன். வேட்டைத் திருவிழாவில் அதன் அழகைக் கண்டு கைகூப்பாதவர்கள் யார்? முன்னங்கால் இரண்டும் மேலே, கண் பிதுங்கி, மூக்குத் துவாரம் விரிந்து, பல் தெரிய வாய் திறந்து நிற்கும். சிறுவயதிலிருந்து கம்பீரமான குதிரை என்றால் நமக்கு அந்த முகம்தான். தச்சரின் கை உண்மையைத்தான் செதுக்கியிருக்கிறது, அச்சத்தின் உச்சியில் நிற்கும் குதிரை அப்படித்தான் இருக்கும். தெய்வத்தைச் சுமக்கும் மரக்குதிரையில் அது அழகு. ஆனால் அந்த முகம் நம் மனதில் பதிந்திருப்பதால், பட்டா என்ற சிறு லொறியில் பின்னால் துரத்தி, ட்ரோனைத் தலைக்கு மேல் இறக்கி, அதே முகத்தைப் படம் பிடித்துக் கொண்டு வந்து "என்ன கம்பீரம்" என்கிறோம். ஆடி மாத வெயிலில் அரை மணி நேரம் அப்படித் துரத்தப்பட்ட ஒரு கூட்டத்தில் ஒரு சினைக்குதிரை பின்தங்கி நின்று நடுங்கியதை நான் பார்த்தேன். பதினொரு மாதம் சுமக்க வேண்டிய வயிறு அது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. சவாரித் திட்டம் எந்த உருவத்தில் வந்தாலும் மறுத்துவிடுங்கள். 2015இல் தீவின் 1,846 ஹெக்டேயர் நிலப்பரப்புத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அந்தப் பெயருக்குள் குதிரைகள் தம் பாட்டில் வாழ்வதற்கும் இடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கட்டவிழ்ந்து திரியும் குதிரைகளுக்கென 1971இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே அப்படியொரு குதிரையைப் பொறுப்பேற்க விரும்புபவர், பழக்கப்படாத பெரிய குதிரை என்றால் ஆறடி உயர வேலி போட்ட இடம் காட்ட வேண்டும். ஓராண்டு ஒழுங்காகப் பராமரித்தார் என்று உறுதியான பிறகே குதிரை அவருக்குச் சொந்தமாகும். அவ்வளவு ஏற்பாடும், தலைமுறை தலைமுறையாகக் குதிரை பழக்கும் ஆட்களும் உள்ள நாட்டிலேயே அது சிக்கலான காரியமாக இருக்கிறது. நம்மிடம் குதிரைக்கென்று பயிற்சி பெற்ற கால்நடை வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். நானும் அப்படிப் பயிற்சி பெற்றவன் அல்லன்.

பயணிகளுக்குத் தூரம் குறித்துக் கொடுங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசட்டீக் என்ற தீவில் இதேபோலக் குதிரைகள் இருக்கின்றன. அங்கே நாற்பது அடிக்கு உள்ளே போகக் கூடாது. அடிக்கணக்கு மறந்துபோகும் என்பதால் "ஒரு பஸ் நீளம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நமக்கும் அதுவே போதும், நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்கும் பஸ்ஸைக் காட்டியே சொல்லிவிடலாம். தீனி கொடுப்பதைத் தடை செய்யுங்கள். அசட்டீக்கில் பாதையோரம் தின்பண்டத்தை எதிர்பார்த்து நிற்கப் பழகிய குதிரைகள் வாகனங்களில் அடிபட்டுச் செத்திருக்கின்றன.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் அவசரம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கி, கேணிகள் வெடித்து, குதிரைகள் தள்ளாடிய பிறகு பவுசரில் தண்ணீர் கொண்டு ஓடுவதை வருடா வருடம் பார்க்கிறோம். அந்த நேரத்தில் புதுத் தொட்டி ஒன்றை வைத்தால், பலவீனமான குதிரைகள்தான் அதற்குக் கடைசியாகக் கிட்ட வரும். முன்பின் கண்டிராத பொருள் என்றால் வெளியில் பிறந்த குதிரைக்கு அது முதலில் ஆபத்து, பிறகுதான் தண்ணீர். மழை முடிந்ததும், தை மாசியிலேயே, நிலத்தோடு ஒட்டிய தாழ்ந்த தொட்டிகளை வையுங்கள். நாலாபுறமும் ஓட வழி இருக்கட்டும். ஒரே ஒரு தொட்டி என்றால் பலமான ஆண்குதிரையின் கூட்டம் அதைத் தனதாக்கிக்கொள்ளும், ஆகவே ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் பலவற்றை வையுங்கள். நமீபியாவின் பாலைவனத்தில் கரூப் என்ற இடத்தில் மனிதர் அமைத்துக் கொடுத்த தண்ணீர்த் தொட்டியை நம்பி ஒரு குதிரைக் கூட்டம் தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறது. தண்ணீரைக் கொடுத்தார்கள், மற்றதைப் பெரும்பாலும் குதிரைகளிடம் விட்டார்கள்.

தீவின் மக்கள் சொல்வதையும் நான் மறக்கவில்லை. குதிரை தோட்டத்துக்குள் புகுந்தால் அழிவு அவர்களுக்குத்தான். மாட்டுக்குப் புல் இல்லாத காலத்தில் குதிரைக்கு ஏன் என்ற கேள்வியும் நியாயமானது. கட்டாக்காலி மாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், தண்டம் கட்டுவார். குதிரைக்கு யார் கட்டுவது? பூங்காவால் வரும் வருமானத்தில் வேலி திருத்தவும் நட்டஈடு கொடுக்கவும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்று கணக்கெடுத்து உறுதியானால் அதற்கும் வழி உண்டு. அசட்டீக் தீவின் மேரிலாந்துப் பகுதியில் 1994 முதல் பல ஆண்டுகள், தூரத்திலிருந்து ஊசியை எய்து பெட்டைக்குதிரைகளுக்குக் கருத்தடை மருந்து ஏற்றினார்கள். துரத்தவோ கூட்டத்தைப் பிரிக்கவோ தேவையில்லை. எப்படியிருந்தாலும் ஒரு கூட்டத்திலிருந்து கிழப் பெட்டையை அகற்றாதீர்கள். தண்ணீர் எங்கே, எந்த வேலியில் இடைவெளி, எந்த மனிதரை நம்பலாம் என்பதெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது.

வேலைவாய்ப்பு என்று சொன்னார்களே, அதையும் இதற்குள்ளேயே தேடலாம். நெடுந்தீவு இளைஞர்கள் பத்துப் பேரைக் குதிரைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் பழக்குங்கள். நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, காதில் வெட்டு என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பதிந்தால், எந்தக் குட்டி யாருடையது, எந்தக் கூட்டம் எங்கே மேய்கிறது, யாரைக் காணவில்லை என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். வரும் பயணிகளை அவர்களே அழைத்துப் போய், ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால் உட்காரவைத்து, அந்தக் காது ஏன் திரும்புகிறது என்று சொல்லிக் கொடுக்கட்டும். முதுகில் ஏறிப் பத்து நிமிடம் சுற்றுவதற்கு நுவரெலியா இருக்கிறது. இப்படிப் பார்ப்பதற்கு இந்த நாட்டில் நெடுந்தீவைப் போல வேறு இடம் இல்லை.

அப்பு காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரோடு நடந்த காலத்தில் நான் எழுதிய ஐந்து கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கேணி எந்த மாதத்தில் வற்றியது, எந்தப் பாதையால் கூட்டங்கள் தண்ணீருக்கு வந்தன என்பதெல்லாம் அவற்றில் உண்டு. உங்களில் யார் கேட்டாலும் தருகிறேன். நடக்கக்கூடிய உடல்நிலையும் இன்னும் இருக்கிறது. அடுத்த தை மாதம் தொட்டி வைக்க இடம் பார்க்கப் போவதானால், என்னையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.